சைலன்சரும் ஒரு கையெழுத்தும்

என் காருக்குச் சத்தம் அதிகம் என்று எங்கள் ஆட்கள் சொல்லாத இடமில்லை. கோயில் கார் தரிப்பிடத்தில் சொன்னார்கள், அரங்கேற்றம் பார்க்கப் போன மண்டபத்து வாசலில் சொன்னார்கள், சிட்னிப் புறநகரான கிரவீனில் எங்கள் தெருவில் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த ஓர் அங்கிள் நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இது தேவையா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அதே கோயிலில், பஸ் போன்ற ஜீப்பைக் கொண்டுவந்து இரண்டு காருக்குரிய இடத்தை அடைத்து நிறுத்துகிற ஆண்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர்கள் அதில் முருங்கைக்காய் வாங்கத்தான் போகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் தேவை. தேவை என்று சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

நான் முதியோர் இல்லமொன்றில் தாதி. சிட்னிக்கு வந்த நாளிலிருந்து நான் ஓட்டிய கார்கள் எல்லாம் இன்னொருவர் ஓட்டிக் களைத்தவை. ஒன்றுக்குக் கண்ணாடி ஏறாது, ஒன்றுக்கு மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் இருவரும் படித்து வேலைக்குப் போனபின், வாழ்க்கையில் முதல் தடவையாகப் புதுக் கார் ஒன்றை வாங்கினேன். சின்னக் கார், டேர்போ எஞ்சின், கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். விற்றவர் மூன்று முறை என் கணவரைப் பார்த்து, ஓட்டிக்காட்டட்டுமா என்று கேட்டார். மூன்று முறையும் என் கணவர் என்னைக் காட்டினார். வாங்கிய ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தது. எங்கள் வீட்டில் எதையும் இரண்டு பெயரில்தான் வாங்குவோம். தனக்கு ஏதும் நடந்தால் நான் கையெழுத்துக் கேட்டு எந்தக் கந்தோர் வாசலிலும் நிற்கக் கூடாது என்பது அவருடைய ஏற்பாடு.

கார்ப் பைத்தியம் எனக்குத் தனியாகப் பிடித்ததில்லை. ஹோம்புஷில் ஒரு தொடர்மாடி வீட்டில் சென்னைக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். கணினி வேலை, என்னை அக்கா என்பார். அவருக்குக் கராஜ் இல்லாதபடியால் தன்னுடைய ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் எங்கள் கராஜில்தான் வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் வந்து தன் காரைப் பிரித்துப் போடுவார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்த நான், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே குனிந்து பார்க்கத் தொடங்கி, பிறகு கீழேயே படுத்துவிட்டேன்.

என் காரில் செய்தது இரண்டு மாற்றந்தான். எஞ்சின் மூச்சு வாங்குகிற காற்றுப் பெட்டியையும் குழாயையும் மாற்றினோம். பின்பக்கத்துச் சைலன்சரை மாற்றினோம். சத்தம் சட்டம் விட்ட அளவைத் தாண்டவில்லை என்று பார்த்துத்தான் பொருத்திப் பூட்டினோம். காருக்குள் இருக்கிற கணினியின் நிரலையும் மாற்றி எழுதினால் இன்னும் பறக்கும் அக்கா என்று தம்பி ஆசை காட்டினார். அதை மட்டும் நான் தொட விடவில்லை. அதைத் தொட்டால் எஞ்சின் வேலை செய்கிற முறையே மாறிவிடும். பிறகு உள்ளே எது உடைந்தாலும் நான் வாயைத் திறக்க முடியாது.

இதை நான் குருட்டுத் துணிச்சலில் செய்யவில்லை. பூட்டுவதற்கு முன் வாரண்டிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். எங்கள் ஆட்கள் அதை வாசிப்பதில்லை, டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துச் சாமிப்படத்தை அதன்மேல் சாத்தி விடுவார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: நீ பூட்டிய பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை, அந்தப் பொருள் எங்கள் பொருளைக் கெடுத்தால் அதற்கும் பொறுப்பில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு. எதையாவது பூட்டினாலே முழு வாரண்டியும் போய்விடும் என்று ஓரிடத்திலும் இல்லை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், விற்பவர்களும் அந்தப் பேச்சைத் திருத்துவதில்லை. அதற்கு மேல் இந்த நாட்டில் நுகர்வோர் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தச் சட்டம் தன்பாட்டில் நிற்கும்.

ஆகவே முதல் சர்வீஸுக்குக் காரைக் கொடுத்தபோது நானே சொன்னேன், இன்னது இன்னது மாற்றியிருக்கிறேன் என்று. மேசையில் இருந்தவன் நல்ல பெடியன். பொனட்டைத் திறந்து படமெடுத்தான், கீழே குனிந்து சைலன்சரைப் படமெடுத்தான், எதையோ தட்டெழுதினான். கூட வந்திருந்த என் கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க, ஏன் படமெடுத்தவன், ஏன் படமெடுத்தவன் என்று கேட்டுக்கொண்டு வந்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்றேன். 

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எம் ஃபோர் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே எழும்பியது. அரை நிமிடம்கூடப் பொறுக்காமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பொனட்டைத் திறந்தால் ஆவியும் இனிப்பான ஒரு மணமும் வந்தன. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடுகிற கறுப்புப் பிளாஸ்டிக் கூடு ஒன்று பொருத்தோடு வெடித்து அதிலிருந்து ஒழுகியது. நான் பூட்டிய எதுவும் அதற்குப் பக்கத்தில் இல்லை. விற்ற இடத்தின் பட்டறை திங்கட்கிழமைதான் திறக்கும் என்றபடியால், இழுக்கும் லொறியைக் கூப்பிட்டுக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எனக்குக் கவலை இருந்தது, பயம் இருக்கவில்லை. புதுக் காரில் பிளாஸ்டிக் வெடித்தால் விற்றவர்கள் மாற்றித் தருவார்கள், அதற்குத்தானே வாரண்டி.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பகல் வேலை. திங்கள் காலை லொறி வந்து காரை ஏற்றிப் போனபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் பின்னேரம் கூப்பிட்டார்கள். போனேன், தனியாக.

அதே பெடியன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினான். இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று முதல் சர்வீஸில் எடுத்தது: என் சைலன்சர், என் காற்றுப் பெட்டி. மற்றது அன்றைக்கு எடுத்தது. அதில் தொழிற்சாலையில் பூட்டி வந்த பழைய சைலன்சரும் பழைய பெட்டியும் இருந்தன. பழுது வந்ததும் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டான். கடுமையாகக் கேட்கவில்லை, அதுதான் கூடச் சுட்டது.  திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மறைக்க முயன்றிருக்கிறீர்கள், ஆகவே மேலிடம் வாரண்டியை மறுத்துவிட்டது என்றான்.

காரில் என்ன இருக்கிறது என்பது எனக்கே தெரியாமல், ஒரு கள்ளியைப் போல அந்தப் பளபளத்த தரையில் நின்றேன். ஆயுளில் ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை நான். வந்த கோபம் அந்தப் பெடியன் மேல் வந்ததல்ல. வேலையை யார் செய்திருப்பார்கள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பஸ் எடுத்து வீடு வந்து சேர்ந்தேன்.

என் கணவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போனதும் சென்னைத் தம்பியைக் கூப்பிட்டு, இருவருமாகப் பழைய பாகங்களை எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“அக்கா, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. சர்வீஸுக்கு விடுறதுக்கு முன்னாடி பழசைத் திருப்பி மாட்டிடுவாங்க. அண்ணன் ரொம்பப் பயந்துட்டாரு, அதான் பண்ணேன்.”

எல்லாரும் ஒளிக்கிறவர்கள். நான் ஒளிக்காதவள். படமெடுக்கச் சொல்லிப் பொனட்டைத் திறந்து காட்டியவள். ஒளிக்காதவளைக் கள்ளியாக்க என் வீட்டு ஆட்களே போதும் என்று கத்தினேன். என் கணவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“உமக்காகத்தான் செய்தனான். அவங்கள் படமெடுத்து வைச்சிருக்கிறாங்கள். படமெடுத்தவன் ஒரு நாளைக்குக் கேப்பான்.”

அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வயதில், கலியாணத்துக்கு முன், இலங்கையில் அவரை ஆமிக்காரர் ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முதல் நாள் படமெடுத்தார்கள். பிறகு பல நாள் கழித்து ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். தாள் முழுக்கச் சிங்களம், அவருக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. வைத்தால் வீட்டுக்கு விடுவோம் என்றார்கள். வைத்தார். தான் செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒத்துக்கொண்டிருப்பது அவருக்கு வழக்கு நாளில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவருடைய இளவயது சிறைக்குள் கழிந்தது.

வெளியே வந்து, இந்த நாட்டுக்கும் வந்து, குளிர்க் களஞ்சியமொன்றில் நல்ல வேலையும் எடுத்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், இன்றைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் தாளை நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்து வைப்பார். தொலைபேசிக் கம்பனி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கி, எல்லா இடத்திலும் அப்படித்தான். தாமதிக்காமல் கெதியாக வைத்தால் கெதியாக விடுவார்கள் என்பது அவருடைய உடம்புக்குள் போய்விட்டது. ஆங்கிலம் அவருக்கு நன்றாக வாசிக்க வரும். வாசிக்காமல் இருப்பதற்கு மொழி காரணமில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு என் கோபம் அடங்கவில்லை. வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு இருவரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

அந்தக் கிழமை முடிவில் விற்ற இடத்தின் சர்வீஸ் மனேஜரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் எங்களுடைய மதிப்புக்குரிய வாடிக்கையாளர், ஆகவே நல்லெண்ணத்துக்காகக் கூட்டை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு தாளில் நாங்கள் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். தாளில் இருந்தது இதுதான்: நாங்கள் செய்த மாற்றங்களே இந்தப் பழுதுக்குக் காரணம், அதை மறைக்க முயன்றதை ஒத்துக்கொள்கிறோம், எஞ்சின் தொடர்பாக இனி எந்த வாரண்டியும் கோரமாட்டோம்.

என் கணவருக்கு முகம் மலர்ந்தது. “பாத்தீரே, இலவசமாச் செய்து தாறாங்களாம். வைச்சுக் குடுத்திட்டு விடுவம்.”

அவருக்கு அது விடுதலை. நான் அந்தத் தாளை இன்னொரு தரம் வாசித்தேன். ஒரு பிளாஸ்டிக் கூட்டைத் தந்துவிட்டு முழு எஞ்சினையும் கைகழுவப் பார்க்கிறார்கள். அது போகட்டும். என் சைலன்சருக்கும் கூலன்ட் கூட்டுக்கும் என்ன தொடர்பு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை இது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தால் காகத்தின் மேல் வழக்குப் போடுவதா? அதைவிட, இந்த மனிதன் தான் செய்யாததைச் செய்தேன் என்று இரண்டாம் தடவையும் ஒத்துக்கொள்ளப் போகிறார், அதுவும் சிரித்துக்கொண்டு. கார் வீதியோரம் கிடந்து துருப்பிடித்தாலும் அதற்கு நான் விடப்போவதில்லை.

எங்கள் இல்லத்தில் ஒரு வயோதிபர் விழுந்தால் சம்பவ அறிக்கை எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதில் ஒரே பிழையை விடுவார்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதிவிடுவார்கள். வழுக்கியதை நீ கண்டாயா? காணவில்லை என்றால், கட்டிலருகே தரையில் கிடக்கக் கண்டேன், தரை ஈரமாக இருந்தது என்று எழுது, அதோடு நிறுத்து. காரணத்தை எழுதுவது உன் வேலை இல்லை. மயக்கம் வந்து விழுந்திருக்கலாம், பக்கவாதம் வந்திருக்கலாம். நீ வழுக்கினார் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் பிறகு ஒருவரும் மூளையைப் படமெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இதை நான் வேலையிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தரம் புலம்பியிருக்கிறேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு ஓம் ஓம் என்பார், கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது.

அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தபடி இருந்தார், நான் முடிவாகச் சொன்னேன்.

“நீங்கள் வைக்கிறதெண்டால் வையுங்கோ. ஆனால் இஞ்ச வீட்டில இருந்து வைக்க வேண்டாம். அவங்களுக்கு முன்னால வந்து, வாசிச்சிட்டு வையுங்கோ. நான் வைக்க மாட்டன்.”

தம்பி தன்னுடைய சிநேகிதனின் வான் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். செய்த வேலைக்கு வெட்கப்பட்டு, கழற்றி வைத்திருந்த என் சைலன்சரையும் காற்றுப் பெட்டியையும் தானே துடைத்துப் பின்னால் ஏற்றினார். தானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வானை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். என் கணவர் பக்கத்துச் சீட்டில் இருந்தார்.  போகும் வழியில், சட்டைப்பையில் பேனை இருக்கிறதா என்று இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

சைலன்சர் எடை கூடியது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷோரூமின் கண்ணாடிக் கதவால் உள்ளே போனேன். புதுக் கார்களைச் சுற்றி நின்ற குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. பார்க்கட்டும். காற்றுப் பெட்டியை என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் சுமந்து வந்தார். மனேஜரின் மேசைக்கு முன்னால் இரண்டையும் தரையில் வைத்தேன்.

நாங்கள் மறைத்ததாகச் சொன்னீர்கள், இதோ இருக்கிறது என்றேன். எடுத்துப் பாருங்கள், அளந்து பாருங்கள், பூட்டிப் பாருங்கள். இதில் எது, எப்படி அந்தக் கூட்டை வெடிக்க வைத்தது என்று எனக்கு எழுத்தில் தாருங்கள். தந்தால் நான் என் காசில் திருத்திக்கொண்டு போகிறேன். தராவிட்டால் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் வந்து சொல்லுங்கள்.

மனேஜர் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. காற்றுப் பெட்டியை மாற்றினால் பொனட்டுக்குள் சூடு கூடலாம், சூடு கூடினால் பிளாஸ்டிக் வெடிக்கலாம், அப்படி நடந்திருக்க முடியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது என்றார். அளந்தீர்களா என்று கேட்டேன். அளக்கவில்லை. அதே கூடு வேறு கார்களில், ஒரு திருகாணிகூட மாற்றாத கார்களில், வெடித்திருக்கிறதா என்று கேட்டேன். அதைப் பற்றித் தன்னால் பேச முடியாது என்றார். அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது.

என்னோடு பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தாளை என் கணவர் பக்கம் தள்ளி, அதன்மேல் பேனை ஒன்றையும் வைத்தார். சிரித்த முகத்தோடு, இது ஒரு சம்பிரதாயந்தான் சேர், நீங்கள் வைத்தால் நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடுவோம் என்றார்.

என் கணவர் பேனையை எடுத்தார்.

 நான் தடுத்திருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம். அது அவருடைய கை. அவர் தாளைக் கிட்ட இழுத்தார், கண்ணாடியைப் போட்டார், பிறகு தாளை மனேஜரிடமே திருப்பி நீட்டி, எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்றார். மனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவர் தலைக்கு மேலே தெரிந்த சுவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மனேஜர் வாசித்தார். சத்தமாக வாசிக்கும்போது அது அவருக்கே நன்றாக இருக்கவில்லை போல, கடைசி வரியை விழுங்கினார்.

என் கணவர் தன்னுடைய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். கூடு வெடிக்கும்போது நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். மனேஜர் இல்லை என்றார். நானும் பார்க்கவில்லை என்றார் இவர். நான் பார்த்தது ஆவி. கூலன்ட் ஒழுகியதைப் பார்த்தேன். காரணத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு தரையில் கிடந்த சைலன்சரைக் காட்டினார்.

“இதைக் கழற்றினது நான். அவவுக்குத் தெரியாது. பயத்தில கழற்றினனான். அதை எழுதிக் கொண்டாங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன். அது நான் செய்தது. இது நான் செய்யேல்லை.”

முதல் பாதியை ஆங்கிலத்தில் தொடங்கியவர் நடுவழியில் தமிழுக்கு மாறியதை உணரவே இல்லை. நான்தான் மனேஜருக்குச் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். இல்லத்தில் அறிக்கை எழுதுகிற மாதிரிச் சொன்னேன். என் குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். முப்பது வருடமாக நான் அறிந்த மனிதனை அந்த நிமிடத்தில் எனக்கு எவ்வளவு பிடித்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

மனேஜர் தாளை எடுத்து, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தார். மேலிடத்தோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சைலன்சரை இங்கே விட்டுவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டார். பரிசோதிக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் அது என்னுடையது என்று தோளில் எடுத்துக்கொண்டேன்.

காருக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் கூப்பிட்டார்கள். கூடு மாற்றியாகிவிட்டது, வாரண்டியில்தான், கையெழுத்து ஒன்றும் தேவையில்லை என்றார்கள். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. காரைக் கொண்டுவந்த சனிக்கிழமையே தம்பி வந்து என் சைலன்சரையும் பெட்டியையும் திரும்பப் பூட்டினார். கணினியை மாற்றி எழுதுவோமா என்று மறுபடியும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊரில் பேசாதவர்கள் இல்லை. சண்டைக்காரி என்கிறார்களாம். ஓம், சண்டைக்காரிதான். அடுத்த சர்வீஸுக்கும் சைலன்சரோடுதான் போவேன், படமெடுக்கச் சொல்லித்தான் நிறுத்துவேன்.

ஆனால் அன்றைக்குக் கார் கிடைக்குமா என்பது எங்களுக்குத் தெரியாது. ஷோரூமை விட்டு வெளியே வந்து, வானில் சைலன்சரை ஏற்றி, கதவைச் சாத்தினோம். வெயில் கொளுத்தியது. அவர் சீட்டில் ஏறாமல் வானில் சாய்ந்துகொண்டு நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்டைக்கு முகாமிலயும் ஆராவது ஒருத்தர் தமிழில வாசிச்சுக் காட்டியிருந்தால் நீங்கள் வைச்சிருக்க மாட்டீங்கள் என்று சொன்னேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார்.

“இல்லை. வாசிச்சுக் காட்டியிருந்தாலும் வைச்சிருப்பன். அண்டைக்கு அடிச்சவங்கள். இண்டைக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை. பிறகேன் வைக்கிறது?”